காகிதம் கடிக்கும் கிளி: கூண்டு ட்ரேயில் எதை விரிப்பது?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் 2 வயது சன் கன்யூர் கிளி ஒன்று இருக்கிறது. தனிக் கூண்டில் ஒரு ஜோடி ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ். ட்ரேயில் பழைய நாளிதழ்தான் விரிக்கிறேன். கன்யூர் அதைக் கம்பி வழியாக இழுத்துக் கிழித்துப் போடுகிறது. லவ் பேர்ட்ஸில் ஒன்று, கத்தரியால் வெட்டியது போல நீள நீளமாக நறுக்குகிறது. அச்சு மையில் ஈயம் இருக்கிறது, கிளி செத்துப்போகும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். கடைக்காரர் கார்ன்காப் போடச் சொல்கிறார். மாமனாரோ கோழிப் பண்ணையில் போடுகிற மாதிரி உமி போட்டால் போதும் என்கிறார். இதற்கிடையில் என் மகள் தினமும் காலையில் காலண்டர் தேதித் தாளைக் கிழித்துக் கன்யூருக்குக் கொடுக்கிறாள். எதைத்தான் செய்வது, டாக்டர்?"

விரிப்பை மாற்றுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கன்யூர் காகிதத்தைத் தின்கிறதா, கிழிக்க மட்டும் செய்கிறதா? கிழிப்பது கிளிக்குப் பிறவிக் குணம். காட்டில் பட்டை, சுள்ளி, காய்ந்த ஓலை என்று நாளெல்லாம் அலகுக்கு வேலை இருக்கும். கூண்டில் அந்த வேலைக்குக் கிடைப்பது ட்ரே பேப்பர் ஒன்றுதான். பெரும்பாலான கிளிகள் கிழித்துத் துப்பிவிடும். ஆனால் சில பறவைகள் மென்று விழுங்கும். அந்தச் சிலவற்றைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளைச் சரிபாதியாகக் கிழித்து, ஒரு பாதியை உள்ளே போடுங்கள், மற்றதைப் பத்திரமாக வையுங்கள். சாயங்காலம் ட்ரேயில் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி, வைத்திருக்கும் பாதியின் மேல் அடுக்கிப் பாருங்கள். ஓரளவு ஒட்டிப் பொருந்தினால் கிளி விளையாடுகிறது, அவ்வளவுதான். கால்வாசிக்கு மேல் காணவில்லை என்றால் வயிற்றுக்குள் போகிறது என்று அர்த்தம். (தண்ணீர்க் கிண்ணத்தையும் பாருங்கள். காகிதத்தை நனைத்துக் கூழாக்குவது சில கிளிகளுக்கு ஒரு பொழுதுபோக்கு.) அப்படி விழுங்கும் கிளியாக இருந்தால் எந்தக் காகிதம் நல்லது என்ற கேள்வியே இல்லை, எதுவும் அலகுக்கு எட்டக் கூடாது.

அடுத்தது ஈயம். ஒரு காலத்தில் வண்ண மைகளில் ஈயம் கலந்த நிறமிகள் இருந்தது உண்மை. நாளிதழின் கறுப்பு மைக்கு நிறம் தருவது கரி, ஈயம் அல்ல. வெளிநாட்டுப் பக்கங்களில் "நாளிதழ் இப்போதெல்லாம் சோயா எண்ணெய் மையில் அச்சாகிறது, பயமே இல்லை" என்று படித்திருப்பீர்கள். அதை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே கனிம எண்ணெய் கலந்த மையும் புழக்கத்தில் இருக்கிறது. உணவுப் பொருளை நாளிதழில் மடித்துக் கொடுக்கக் கூடாது என்று 2018-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. ஆனால் சூடான பஜ்ஜியின் எண்ணெய் மையை இழுப்பதும், காய்ந்த ட்ரேயில் காய்ந்த காகிதம் கிடப்பதும் ஒன்றல்ல. கம்பித் தட்டுக்குக் கீழே, எட்டாத தூரத்தில், கறுப்பு வெள்ளைப் பக்கம் கிடந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்கள் கன்யூர் இழுத்து வாயில் போடுகிறது என்பதுதான் சிக்கல். அதன் எடை 100 முதல் 120 கிராம்தான், நாம் பொருட்படுத்தாத அளவும் அந்த உடம்புக்கு அதிகம். ஆகவே அந்தக் கூண்டில் அச்சடித்த தாளை நிறுத்திவிடுங்கள். வழவழப்பான வார இணைப்பு, துணிக்கடை நோட்டீஸ், சுவர்க் காலண்டரின் கெட்டித் தாள் ஆகியவை எந்தக் கூண்டுக்கும் வேண்டாம். ஏ.டி.எம். சீட்டு, பில் மெஷினில் வரும் ரசீது போன்றவை கூடவே கூடாது. அவற்றில் மை கிடையாது, சூட்டில் கறுக்கும் ரசாயனப் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது.

மையைவிட எனக்குப் பெரிய பயம், அந்தத் தாள் எங்கிருந்து வருகிறது என்பதில். நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பழைய பேப்பருக்குப் பல பிறவிகள் உண்டு. ஓசூர்ப் பக்கம் ரோஜாக் கட்டு சுற்றி வந்த அட்டையும் தாளும் வீட்டில் சேர்ந்துவிடும். அந்த ரோஜாவுக்கு எத்தனை முறை மருந்தடித்தார்கள் என்பது அந்தத் தாளைப் பார்த்துத் தெரியாது. மாம்பழக் கூடையில் வந்த பேப்பரும் அப்படித்தான். தடை இருந்தும் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கும் பழக்கம் முழுதாகப் போகவில்லை, அதன் தூசு படிந்த தாள் கிளிக்கு ஆகாது. கிளிமூக்கு மாங்காய்க்குப் பேர்போன ஊரில் கிளிக்கே இந்த எச்சரிக்கை! பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் இன்னொரு வகை. சில வருடங்களுக்கு முன் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு காக்டெய்ல் கிளியைக் கொண்டுவந்தார்கள். இறகைச் சிலுப்பிக்கொண்டு, மூக்கில் நீர் ஒழுக உட்கார்ந்திருந்தது. கூண்டைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். கொண்டுவந்தார்கள். ட்ரேயில் கிடந்த தாளை எடுத்து உதறியதும் வெள்ளையாகத் தூள் பறந்தது. புழு வளர்த்த தட்டில் விரித்திருந்த பேப்பர், மேலே சுண்ணாம்பும் கிருமிநாசினித் தூளும். வீணாக்க வேண்டாமே என்று கிளிக் கூண்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். தாளை மாற்றி, காற்றோட்டமான இடத்தில் வைத்துச் சிகிச்சை கொடுத்ததும் தேறிவிட்டது.

சரி, கார்ன்காப். மக்காச்சோளக் கதிரின் தக்கையைப் பொடித்து விற்பதுதான் அது. பார்க்கச் சுத்தமாக இருக்கும், நாற்றத்தையும் இழுக்கும். அதனால்தான் கடையில் போகிறது. ஆனால் அதில் ஒரு துணுக்கை விழுங்கினால் ஈரத்தில் ஊறிப் பெருத்துக் குடலை அடைக்கலாம். ஈரம் பட்ட இடத்தில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் வித்துக்கள் மூச்சில் போனால் பறவையின் நுரையீரலிலும் காற்றுப் பைகளிலும் குடியேறும், சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். உமி, மரத்தூள், தேங்காய் நார்த்தூள் எல்லாவற்றுக்கும் இதே குறைதான், கூடவே தூசு வேறு. உங்கள் மாமனார் சொல்வது கோழிப் பண்ணைக்குச் சரி. அங்கே ஆயிரக்கணக்கான கோழிகளின் எச்சத்தை உறிஞ்ச வேறு வழியில்லை. தவிர, பிராய்லர் கோழி அந்தக் கூளத்தின் மேல் இருப்பது ஐந்தாறு வாரம்தான். கன்யூர் 20 வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கக்கூடிய பறவை. அத்தனை வருடம் உமித் தூசை மூச்சாக இழுக்க விட முடியாது.

எனக்கு இந்தப் பொடி வகைகள் பிடிக்காததற்கு இன்னொரு காரணம், எச்சம் அவற்றில் புதைந்துபோவது. ட்ரேயில் தாள் போடுவது சுத்தத்துக்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கிளியின் தினசரி மருத்துவ அறிக்கை. நல்ல எச்சத்தில் மூன்று பகுதி தெரியும்: பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு சுருள், அதன் மேல் சுண்ணாம்பு போல வெள்ளை, சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீர். வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரலைக் கவனிக்க வேண்டும். சுற்றி நிற்கும் நீர் இளஞ்சிவப்பாக இருந்தால் முதலில் நேற்று பீட்ரூட் கொடுத்தீர்களா என்று யோசியுங்கள். இல்லை என்றால் ஈயம், துத்தநாகம் போன்ற உலோக நஞ்சாகக்கூட இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். இவ்வளவும் வெள்ளைத் தாளில் பளிச்சென்று தெரியும், செய்தித்தாளில் பாதி தெரியும், கார்ன்காப்பில் ஒன்றுமே தெரியாது.

அதனால் நான் சொல்வது, எழுதாத வெற்றுத் தாள். பள்ளி முடிந்ததும் மிஞ்சும் நோட்டின் எழுதாத பக்கங்கள், அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட், நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பர், இவற்றில் எது கிடைத்தாலும் சரி. பிரவுன் பேப்பர் வாங்கும்போது மட்டும் ஒரு சோதனை: ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஊறிப் பரவினால் வாங்கலாம். முத்து மாதிரி உருண்டு நின்றால் மேலே பிளாஸ்டிக்கோ மெழுகோ பூசியிருக்கிறது, வேண்டாம். நோட்டுத் தாளில் பின் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். ட்ரே அளவுக்கு வெட்டி ஏழெட்டுத் தாளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவைத்தால், காலையில் மேல் தாளை மட்டும் உருவினால் போதும். தண்ணீர் கொட்டிவிட்டால் அடுக்கையே மாற்றுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை போன்ற குளிர்ந்த இடங்களில் மழைக்காலத்தில் அடித்தாள் தானாகவே நமத்துப்போகும். அங்கே இரண்டு மூன்று தாளுக்கு மேல் அடுக்க வேண்டாம்.

பழைய துண்டு விரிக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். நூல் பிரிந்து நகத்தில் மாட்டும், விரலைச் சுற்றி இறுக்கும். நான் வேண்டாம் என்பேன்.

தாளை மாற்றினாலும் இழுப்பது நிற்காது. கூண்டின் அடியில் கம்பித் தட்டுக்கும் ட்ரேக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இரண்டு அங்குலமாவது இருந்தால் கன்யூரின் அலகு எட்டாது. மலிவுக் கூண்டுகளில் தட்டு ட்ரேயோடு ஒட்டியே இருக்கும், சிலவற்றில் தட்டே இருக்காது. பட்டறையில் சொல்லி ஒரு தட்டுச் செய்துகொள்ளலாம். துத்தநாகம் பூசிய கம்பி வலையைத் தவிர்த்து எவர்சில்வர் கம்பியாகக் கேளுங்கள். ஏற்கெனவே அந்த வலைதான் இருக்கிறது என்றால், கிளியை வெளியே எடுத்துவிட்டு வினிகர் தொட்டு பிரஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் துணுக்குகள் போய்விடும். காகிதம் கடிக்கிற கிளி கம்பியையும் விடாது.

அப்புறம் அலகுக்கு வேறு வேலை கொடுங்கள். நம் பக்கம் பனை ஓலைக்குப் பஞ்சமில்லை. காய்ந்த ஓலையைக் கழுவிக் காயவைத்து, பட்டை பட்டையாக மடித்து மேல் கம்பியில் செருகிவிடுங்கள். வேப்பங்குச்சி, முருங்கைக் குச்சி, பூஞ்சையில்லாத பாக்குமட்டைத் தட்டின் ஒரு துண்டு எல்லாம் கொடுக்கலாம். அரளி மட்டும் வேண்டவே வேண்டாம். குச்சியும் இலையும் பூவும் எல்லாமே நஞ்சு.

லவ் பேர்ட்ஸ் கதை வேறு. நீள நீளமாக நறுக்குகிறது என்றீர்களே, அது அநேகமாகப் பெட்டை. பீச் ஃபேஸ் வகையாக இருந்தால் நறுக்கிய பட்டையை முதுகுக்கும் வாலுக்கும் இடையிலுள்ள இறகில் செருகிக்கொண்டு திரிவதையும் பார்க்கலாம். கூடு கட்டும் சாமான் அது. பெட்டி கட்டிக் குஞ்சு எடுக்க நினைத்தால் வெற்றுத் தாளைத் தாராளமாகக் கொடுங்கள். அந்த எண்ணம் இல்லை என்றால் காகிதத்தை முழுக்க எட்டாமல் செய்துவிடுங்கள். கூடு கட்டக் கட்ட முட்டை வந்துகொண்டே இருக்கும், உடம்பில் சுண்ணாம்புச் சத்து கரையும், கடைசியில் ஒரு முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் மீன் ஓடு எப்போதும் கூண்டில் தொங்கட்டும், இரவில் 12 மணி நேரம் இருட்டு கிடைக்கட்டும். பெட்டை தரையில் இறகைச் சிலுப்பிக்கொண்டு வாலை ஆட்டி முக்கினால் அது அவசரம்.

சிந்திய தினைக்கு எறும்பு வரும். அதற்காகக் கூண்டைச் சுற்றி எறும்பு சாக்பீஸ் கிழிப்பதும், தாளுக்கு அடியில் அந்துருண்டை வைப்பதும் நான் அடிக்கடி பார்க்கும் தவறுகள். ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், எறும்பு ஏறாது.

கன்யூர் காகிதத்தை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், காலையில் தீனி வைப்பதற்கு முன் கழுத்துக்குக் கீழே, மார்புக்கு மேலே உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். இரவு முழுக்கச் செரித்து அது தட்டையாக இருக்க வேண்டும். மாவு உருண்டை போல ஏதாவது தட்டுப்பட்டால், அல்லது கிளி தலையை உதறி உதறிக் கக்கினால், வீட்டு வைத்தியம் வேண்டாம். விளக்கெண்ணெய் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும், அப்படி வந்த பறவைகளைக் காப்பாற்றுவது கஷ்டம். பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் காட்டுங்கள். அங்கே முடியாது என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். அட்டைப் பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, அன்றைய ட்ரே தாளையும் மடித்து எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

மகளின் காலண்டர் தாள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாள் மெல்லியது, தினம் ஒன்றுதான், இதுவரை நடந்ததற்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அது அச்சடித்த தாள், நேராக அலகில் கொடுப்பது. கன்யூர் காகிதத்தை விழுங்குவதில்லை என்று தெரிந்தால், அதே அளவுக்கு வெற்றுத் தாளை வெட்டி ஒரு கட்டாகக் கோத்து, காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவையுங்கள். பின் வேண்டாம், நூலில் கோத்தால் போதும். காலையில் தேதியைக் கிழித்த கையோடு இதிலிருந்தும் ஒன்றைக் கிழித்துக் கொடுக்கட்டும். நாலைந்து நாள் கன்யூர் பழைய தாளுக்காகக் கத்தும். அப்புறம் இதையே வாங்கிக்கொள்ளும், அதற்கு வேண்டியது உங்கள் மகள் கிழிக்கும் அந்தச் சத்தம்.