புரதத்தை இழுத்தால், குலுக்கினால்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஒரே ஒரு புரத மூலக்கூறைப் பிடித்து இழுக்கலாம் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். அணுவிசை நுண்ணோக்கியில் கேண்டிலீவர் என்ற வளையக்கூடிய நுண்ணிய கை இருக்கும். அதன் நுனியில் புரதத்தின் ஒரு பகுதி ஒட்டிக்கொள்ளும், இன்னொரு பகுதி தங்கப் பரப்பில் இருக்கும். விலக்கும்போது கேண்டிலீவர் வளைவதை லேசர் காட்டிக்கொடுக்கும். அந்த வளைவுதான் விசைக்கு அளவு. 1997-இல் தசைப் புரதமான டைட்டினை இப்படி இழுத்தபோது வரைபடம் ரம்பப் பல் மாதிரி வந்தது. ஒவ்வொரு பல்லும் புரதச் சங்கிலியின் ஒரு மடிப்பு அவிழ்ந்த கணம். விசை 150 முதல் 300 பிக்கோநியூட்டன் (ஒரு பிக்கோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு).

கேள்வி: அப்போ ஒவ்வொரு புரதத்துக்கும் இவ்வளவு வலிமை என்று அட்டவணை போட்டுவிடலாமே?

பதில்: போடலாம், ஆனால் ஏமாற்றும். வேகமாக இழுத்தால் அவிழ்க்கத் தேவைப்படும் விசை கூடும். மெதுவாக இழுத்தால் வெப்ப அசைவே பாதி வேலையை முடித்துவிடும். இழுத்த வேகத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் தரும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. திசையும் முக்கியம். யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை முனைக்கு முனை இழுத்தால் சுமார் 200 பிக்கோநியூட்டன். அதே புரதத்தை, சங்கிலியில் 48-ஆவது இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் பிடித்து இழுத்தால் சுமார் 85-தான்!

கேள்வி: அப்பாவின் இன்சுலினைக் குலுக்காதே என்கிறார் மருந்துக்கடைக்காரர். ஏன்?

பதில்: சரியாகத்தான் சொல்கிறார். புரதத்தின் நீர்வெறுக்கும் பகுதிகள் உள்ளே மறைந்திருக்கும். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்புக்கு வந்தால் அவை காற்றுப் பக்கம் திரும்பும், மடிப்பு குலையும், குலைந்தவை ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகும். குலுக்கக் குலுக்கப் புதுப் பரப்பு உருவாகிக்கொண்டே இருக்கும். கலங்கலான வகை இன்சுலினைக் கலக்கத்தான் வேண்டும். அதை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டினால் போதும். ஆன்டிபாடி மருந்துகள் பலவற்றில் பாலிசார்பேட் என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்ப்பதும் இதற்காகத்தான். அது முந்திக்கொண்டு பரப்பில் இடம் பிடித்துவிடும்.

கேள்வி: முட்டை வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் கலந்தாலும் நுரை சரியாக வருவதில்லையே?

பதில்: மஞ்சளில் உள்ள கொழுப்புதான் காரணம். புரதப் படலம் குமிழியைச் சுற்றி இறுகுவதற்குள் அது புகுந்து கெடுத்துவிடும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் பெரிய கருவி எதுவும் இல்லை. பரப்பு ஆய்வை எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற ஜெர்மன் பெண்மணி வீட்டிலேயே ஒரு தொட்டி செய்து நீர்ப்பரப்பை அளந்தார், அது 1891-இல் நேச்சர் இதழில் வந்தது. நீங்கள் தொங்குதுளியில் தொடங்குங்கள். ஊசி முனையில் ஒரு துளி, பின்னால் விளக்கு, ஒரு நல்ல கேமரா. துளியின் வடிவத்திலிருந்து பரப்பு இழுவிசையைக் கணக்கிட ஓப்பன்டிராப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முதலில் சுத்த நீரை அளந்து பாருங்கள். 25 டிகிரியில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் வர வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் அழுக்குதான், ஊசியையும் கண்ணாடியையும் மறுபடி கழுவுங்கள். அப்புறம், புரதத் துளியை நீண்ட நேரம் கவனிக்கும்போது பக்கத்தில் கொஞ்சம் நீர் வைத்து மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆவியாகித் துளி சுருங்கிவிடும்.