கிட்ஃபாக்ஸ் ப்ளேனை ட்ரெய்லர்ல கட்டி ஐடஹோ வரைக்கும் இழுக்கலாமா?

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கேன். கராஜ்லயே நானே கட்டின குட்டி ப்ளேன், கிட்ஃபாக்ஸ், றெக்கை மடங்கும், இன்ஜின் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ். 28 மணி நேரம் ஓட்டியாச்சு, 25 தாண்டிட்டதால புது ப்ளேனை தனியா ஓட்டிப் பார்க்கற டெஸ்ட் பீரியட் முடிஞ்சுது. ஜூலைல மனைவியோட ஐடஹோ போய், மலைக்கு நடுவுல இருக்கற ஜான்சன் க்ரீக் ரன்வேல இறங்கணும்னு ஆசை. நண்பரோட கார் ட்ரெய்லர்ல ஏத்தி 1,600 மைல் இழுத்தா ப்ளேனுக்கு சேதம் ஆகுமா? ஆன்லைன்ல ஒருத்தர் கம்மி ரேட்டுக்கு கொண்டுபோய் விடறேன், 400 டாலர் அட்வான்ஸ் அனுப்புங்கன்னு சொல்றார்.

பதில்: இழுக்கலாம் தம்பி, ஆனா அந்த கார் ட்ரெய்லர் வேண்டாம். ரெண்டு ஆக்ஸில் கார் ட்ரெய்லர்னா பொதுவா 7,000 பவுண்டு தாங்கறது, உங்க ப்ளேன் காலியா 800 பவுண்டு சுத்துவட்டாரம்தான் இருக்கும். அவ்வளவு லேசா ஏத்தினா ஸ்பிரிங் அசையவே அசையாது, ரோட்டுல இருக்கற ஒவ்வொரு குழியும் நேரா றெக்கை கீலுக்குத்தான் போகும். சாஃப்ட் ஸ்பிரிங் உள்ள ஒத்தை ஆக்ஸில் ட்ரெய்லரா பாருங்க. ஹிட்ச் மேல மொத்த எடைல 10லேர்ந்து 15 சதவீதம் விழணும், குறைஞ்சா 60 மைல் வேகத்துல வால் ஆட ஆரம்பிச்சிடும்.

ஸ்ட்ராப்பை ஃபியூசலாஜ் மேல போட்டு இறுக்காதீங்க. லேண்டிங் கியர் அமுங்கி அமுங்கி எழும்பும், ஸ்ட்ராப் தொளதொளன்னு ஆகி கொக்கி கழண்டுக்கும். ப்ளேன் சக்கரத்துக்குப் பக்கத்துல, அதோட ஆக்ஸில்லயே கட்டுங்க, முன்னும் பின்னும் கட்டையை ட்ரெய்லர் தரையில ஸ்க்ரூ போட்டு முடுக்குங்க. மடிச்ச றெக்கைக்கு அடியில மெத்தை வச்ச ஸ்டாண்டு வேணும், அந்தக் கீல் ரெண்டு மூணு நாள் குலுங்கறதுக்கு இல்ல. ப்ளேனைத் திருப்பற ஸ்டிக்கை சீட் பெல்ட்டால கட்டிட்டு லாக் பண்ணியாச்சுன்னு நினைக்கறவங்க நிறைய பேர், அது பத்தாது, வால்ல அசையற ரடர், எலிவேட்டர், றெக்கைல அசையற ஃப்ளாப்பரான் மூணையும் ஃபோம் ஒட்டின பலகையால அந்தந்த இடத்துலயே பிடிக்கணும். தார்ப்பாய் போடவே போடாதீங்க, அது காத்துல படபடத்து துணியில பெயிண்ட்டை உரிச்சிடும். மொதல் 25 மைல்ல ஒரு தடவை நிறுத்துங்க, அப்புறம் பெட்ரோல் போடற ஒவ்வொரு தடவையும். ட்ரெய்லர் சக்கரத்து ஹப்பை கையால தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியலன்னா பேரிங் போச்சு.

இப்ப அந்த 400 டாலர் ஆளு. இவங்க முக்கால்வாசி லாரிக்காரங்க இல்ல, புரோக்கருங்க. உங்ககிட்ட கம்மி ரேட் சொல்லி அட்வான்ஸ் வாங்கிட்டு, அந்த ரேட்டுக்கு எவனாவது வருவானான்னு அப்புறம்தான் தேடுவாங்க. என் கஸ்டமர் ஒருத்தருக்கு இப்படித்தான் கார் ஏத்தற லாரி வந்துச்சு, ரடரை எதாலயும் பிடிக்காம நாலு மாநிலம் தாண்டி வந்ததுல கீல் போல்ட் ஓட்டை முட்டை வடிவத்துல தேஞ்சு நின்னுது. புரோக்கரைக் கேட்டா லாரிக்காரனைக் கேளுங்கறான், லாரிக்காரன் என் இன்சூரன்ஸ்ல ப்ளேன் சேராதுங்கறான். லாரிகளைக் கவனிக்கற அமெரிக்க அரசு அமைப்பு எஃப்எம்சிஎஸ்ஏ, அதோட வெப்சைட்ல அவரோட பதிவு நம்பரைப் போட்டுப் பாருங்க, காசு கிடையாது, புரோக்கரா, சொந்தமா லாரி ஓட்டற கேரியரான்னு அதுல இருக்கும். புரோக்கர் 75,000 டாலருக்கு பாண்டு, அதாவது ஜாமீன், வச்சிருக்கணும், சரி, ஆனா அது உங்க ரடர் சேதத்துக்கு இல்ல. கேரியரோட இன்சூரன்ஸ் பேப்பரை ஏஜென்ட்கிட்டேருந்தே நேரா வாங்குங்க. உங்க இன்சூரன்ஸையும் கேட்டுக்கோங்க: ப்ளேன் பாலிசிக்காரன் ரோட்டுல போனா அது சரக்குங்கறான், வண்டி பாலிசிக்காரன் மேல இருக்கறது ப்ளேனுங்கறான், நடுவுல நீங்க. எழுத்துல வாங்குங்க, போன்ல சொன்னதை நம்பாதீங்க.

இதையெல்லாம் விட பெரிய விஷயம், நீங்க போற போக்குல எழுதின அந்த 25 மணி நேரம். இன்ஜினும் ப்ரொப்பெல்லரும் சேர்ந்து சர்டிஃபைட் காம்பினேஷனா, அதாவது அரசு அங்கீகாரம் உள்ள ஜோடியா, இருந்தாத்தான் 25. உங்களுது யூஎல்எஸ், சர்டிஃபைட் கிடையாது. 912 எஸ்தான் சர்டிஃபைட். ரெண்டும் பார்க்க ஒண்ணு, 100 குதிரை சக்தியும் ஒண்ணு, பேப்பர்ல வேற. எஸ்ஸே வச்சிருந்தாலும் ப்ரொப்பெல்லரும் சேரணும், அதனால உங்களுக்கு பெரும்பாலும் 40ன்னுதான் போட்டிருக்கும். ப்ளேனை எப்படி ஓட்டலாம்னு கட்டுப்பாடு போட்ட உங்க ஆப்பரேட்டிங் லிமிட்டேஷன்ஸ் பேப்பரை எடுத்து வரி வரியா படிங்க. 40ன்னு இருந்தா நீங்க இன்னும் ஃபேஸ் 1ல, அதாவது டெஸ்ட் பீரியட்லயே, இருக்கீங்க, அப்ப மனைவியை ஏத்த முடியாது, குடுத்திருக்கற டெஸ்ட் ஏரியாவைத் தாண்டவும் முடியாது. ட்ரெய்லர்ல கொண்டு போனா ஏரியா கூடவே வராது! ஏரியாவை மாத்த எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க விமானத் துறை, ஆபீஸ்ல கேட்கலாம், ஆனா மெயில் போட்டு பதில் வர்றதுக்குள்ள ஐடஹோவுல பனி கொட்ட ஆரம்பிச்சிடும். மிச்சம் 12 மணி நேரத்தை டல்லாஸ்லயே ஓட்டி, லாக்புக்ல எழுதி முடிச்சிட்டுக் கிளம்புங்க.

அங்க போனதும் ட்ரெய்லரை மலைக்குள்ள மெக்கால் ஊர் வரைக்கும் இழுக்காதீங்க, ஹைவே 55 ஆத்தோரமா வளைஞ்சு வளைஞ்சு போகும். சுமார் 2,500 அடில இருக்கற நாம்பா இல்ல கால்ட்வெல்ல இறக்குங்க, கிட்ஃபாக்ஸ் ஃபேக்டரி ஹோம்டேல்ல பக்கத்துலயே இருக்கு, ஏதாவது போல்ட் வேணும்னா ஆச்சு. றெக்கையை விரிச்சதும் அதைப் பூட்டற ஸ்பார் பின் உள்ள போயிருக்கான்னு கண்ணால பார்க்கறதோட நிக்காம கையால இழுத்தும் பாருங்க. மலையில பறக்கக் கத்துக் குடுக்கற இன்ஸ்ட்ரக்டர் ஒருத்தரோட ரெண்டு நாள் ஓட்டிட்டு, விடியக்காலைல ஜான்சன் க்ரீக் போங்க. அது 4,933 அடி, மதியம் 30 டிகிரி ஆனா காத்து லேசாகி உங்க இன்ஜினுக்கு அது கிட்டத்தட்ட 8,000 அடி மாதிரி, 100 குதிரைல முக்கால்வாசிதான் மிஞ்சும்.

அட்வான்ஸை ஏற்கனவே அனுப்பிட்டீங்களா? கிரெடிட் கார்டுல அனுப்பியிருந்தா இன்னிக்கே பேங்க்குக்கு போன் போடுங்க.