தோப்பை அடமானம் வைத்து எவரெஸ்ட் ஏறலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. கோவையில் பம்பு கம்பெனியில் மாதம் 28,000 ரூபாய் சம்பளம். வருஷம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறுவான். இப்போது எவரெஸ்ட் ஏறியே தீருவேன், அப்புறம் மலையேற்றம்தான் தொழில் என்கிறான். 45 லட்சம் ஆகுமாம். ஆனைமலைப் பக்கம் இருக்கும் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பை அடமானம் வைக்கலாமா? - பொள்ளாச்சி வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. வாடல் நோயும் வெள்ளை ஈயும் உங்கள் பக்கத்துத் தோப்புகளைப் படுத்தும் பாடு உங்களுக்கே தெரியும். 45 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் வட்டி மட்டுமே மாதம் 37,500 ரூபாய். தம்பியின் சம்பளம் முழுவதையும் கட்டினாலும் போதாது. அசல் தனி.

சிகரம் தொட்டால் பிழைப்பு தானாக வரும் என்று தம்பி நினைக்கிறார் போல. பச்சேந்திரி பாலைப் பாருங்கள். 1984 மே 23-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண். எம்.ஏ., பி.எட். முடித்தும் சரியான வேலை அமையாமல், உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவர். எவரெஸ்டுக்குப் போனது தேசியக் குழுவோடு. வீட்டுச் சொத்தை அடகு வைத்து அல்ல. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவருக்குச் சோறு போட்டது டாடா ஸ்டீலின் சாகசப் பிரிவில் வாங்கிய சம்பளம். மற்றவர்களை மலையேற்றப் பழக்கும் வேலை அது. டென்சிங்கும் அப்படித்தான். 1953-ல் ஏறினார், 1954-ல் டார்ஜிலிங்கில் தொடங்கிய பயிற்சி நிறுவனத்தில் களப் பயிற்சி இயக்குநரானார்.

ஆகவே தம்பி முதலில் 28 நாள் அடிப்படைப் பயிற்சிக்குப் போகட்டும். 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலைப் பயிற்சிக்கு இடம். வேலையை விடாமல் மாதம் 8,000 ரூபாய் ஆர்.டி. போட்டால் வருஷத்துக்கு 96,000 சேரும், வட்டி தனி. பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் அதுவே தாங்கும். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறிய கால்தான். ஆனாலும் பனியில் நடப்பது வேறு வித்தை.

எவரெஸ்டை ஐந்தாறு வருஷம் கழித்து, ஸ்பான்சர் கிடைத்தால் பார்க்கலாம். அனுமதிக் கட்டணத்தையே நேபாளம் 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராக 2025 செப்டம்பரில் உயர்த்திவிட்டது.

மலையேற்றம் தொழிலாகிவிட்டால் அதில் படும் காயத்துக்குச் சாதாரண மருத்துவக் காப்பீடு பணம் தராது. பாலிசியின் விலக்குப் பட்டியலிலேயே அது இருக்கும். தனிக் காப்பீடு எடுக்க வேண்டும்.

இன்னொன்று. வட்டி குறைவுதானே என்று வீட்டு நகையை வைத்து விவசாய நகைக்கடன் எடுத்து மலைக்குக் கட்டிவிடாதீர்கள். அது தோப்புக்கு உரம் போடத் தருகிற கடன்.