ஆயிரம் வார்த்தை மனப்பாடம், ஆனாலும் ஜிஆர்இ வெர்பல் ஏறவில்லை: என்ன செய்வது?

கேள்வி: மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க, மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வு எழுதப் போகிறேன். ஆயிரம் வார்த்தை மனப்பாடம் செய்தும் மாதிரித் தேர்வில் வெர்பல் (ஆங்கிலத் திறன் பிரிவு) மதிப்பெண் 144-ஐத் தாண்டவில்லை. மூன்று மாதம் இருக்கிறது. அடுத்த பட்டியலைத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை 2011-லேயே நீக்கிவிட்டார்கள். இப்போது வார்த்தையறிவைச் சோதிப்பது வாக்கியத்துக்குள் வைத்துத்தான். அந்த வாக்கியம் எங்கே திரும்புகிறது என்று பார்க்காமல் விடைகளுக்குத் தாவுவதால்தான் பெரும்பாலும் மதிப்பெண் போகிறது.

'மேடையில் மணிக்கணக்கில் பேசுகிறவர், சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் மட்டும் ____' என்று ஒரு வாக்கியம் வருவதாக வைத்துக்கொள்வோம். ஆறு விடைகளில் பொருந்தும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிகம் பேசாதவரைக் குறிக்கும் 'டாசிடர்ன்', 'ரெட்டிசன்ட்' இருக்கும். பக்கத்திலேயே 'கேருலஸ்', 'லொக்வேஷஸ்' என்று வாயாடியைக் குறிக்கும் இன்னொரு ஜோடியும் இருக்கும். பட்டியலை மட்டும் நம்பியவர், கண்ணில் முதலில் படும் ஜோடியை டிக் செய்துவிடுவார். நீங்கள் விடைகளை மறைத்துக்கொண்டு, கோடிட்ட இடத்தில் சொந்தமாக ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 'வாயே திறக்க மாட்டார்' என்று தமிழில் தோன்றினாலும் போதும். அப்புறம் விடைகளைத் திறந்தால் வாயாடி ஜோடி தானாகவே கழன்றுவிடும்.

படித்த ஆயிரத்தையே இனி வாக்கியத்தோடு திரும்பப் படியுங்கள். தெரிந்ததாக நினைக்கும் எளிய வார்த்தைகளில் கூடுதல் கவனம் வேண்டும். 'குவாலிஃபை' என்பது தகுதி பெறுவதை மட்டுமல்ல, சொன்ன கருத்தை ஓரளவு மட்டுப்படுத்துவதையும் குறிக்கும். ஜிஆர்இ பத்திகளில் இந்த இரண்டாவது பொருள்தான் அதிகம் வரும்.

கேள்விகளில் ஏறத்தாழ பாதி, பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. தினமும் அறிவியல் அல்லது வரலாறு பற்றி ஓர் ஆங்கிலக் கட்டுரை படியுங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும், ஆசிரியர் இதை எதற்குச் சொன்னார் என்று தமிழில் ஒரே வரி எழுதுங்கள். வெர்பலை உண்மையில் ஏற்றுவது இந்தப் பழக்கம்தான். பொறியியல் மாணவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் ஒன்று உண்டு: உலகில் உண்மையாக இருக்கும், ஆனால் பத்தியில் சொல்லப்படாத விடை. பத்தியில் ஆதாரம் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள்.

நேரக் கணக்கு: வெர்பலின் முதல் பகுதியில் 18 நிமிடத்தில் 12 கேள்விகள், அடுத்ததில் 23 நிமிடத்தில் 15. முதல் பகுதியை எப்படிச் செய்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் இரண்டாவதன் கடினம் அமையும். ஒரே பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம் என்பதால், கோடிட்ட இடங்களை முதலில் முடித்துவிட்டுப் பத்திகளுக்கு வாருங்கள். நெகட்டிவ் மார்க் கிடையாது. எதையும் காலியாக விடாதீர்கள்.

தேர்வை நடத்தும் இடிஎஸ் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. ஒன்றை இப்போதே எழுதுங்கள், மற்றதைக் கடைசி இரு வாரங்களுக்கு வைத்திருங்கள். பல பல்கலைக்கழகத் துறைகள் ஜிஆர்இ கட்டாயமில்லை என்று அறிவித்துவிட்டன. நீங்கள் விண்ணப்பிக்கும் துறைகளின் இணையதளங்களை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.