நோட்டு ஓரத்தில் வண்டு வரையும் மகள்

வணக்கம் அம்மா. "பதினொன்றாம் வகுப்பு வந்துவிட்டாள், இன்னும் உயிரியல் நோட்டு முழுக்கப் பூச்சியும் இலையுமாகக் கிறுக்குகிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். அனுப்பிய பக்கங்களைப் பார்த்தேன். வண்டின் ஆறு கால்களும் மார்புப் பகுதியிலிருந்தே கிளம்புகின்றன. பலர் அவற்றை வயிற்றில் ஒட்டிவிடுவார்கள். இவள் வண்டைப் பார்த்து வரைந்திருக்கிறாள், கிறுக்கவில்லை.

இதற்கு அறிவியல் ஓவியம் என்று பெயர். கேமரா இருக்கும்போது இது எதற்கு என்று அவளுடைய அப்பா கேட்கிறாராம். நியாயமான கேள்விதான். பூவரசம் பூ காலையில் மஞ்சள், சாயங்காலம் வாடும்போது சிவப்பு. புகைப்படம் ஒரு நேரத்துப் பூவைத்தான் காட்டும். ஓவியர் இரண்டையும் ஒரே தாளில் வைத்து, பக்கத்திலேயே மொட்டு, காய், விதை, குறுக்கே வெட்டிய சூலகம் எல்லாவற்றையும் அளவுகோலோடு வரைந்துவிடுவார். பூச்சி அரித்த இலையைக்கூட முழுசாக்கித் தருவார்.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1838 முதல் 1853 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரப் படங்களை வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார்.

சரி, படிப்புக்கு வருவோம். இப்போது குரூப்பை மாற்றவே வேண்டாம். எழும்பூர், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் நான்கு வருட பி.எஃப்.ஏ. (கவின் கலை இளங்கலைப் பட்டம்) இருக்கிறது. ஆனாலும் இவளுக்கு நான் சொல்வது பி.எஸ்சி. தாவரவியல் அல்லது விலங்கியல். பென்சில் பிடிக்க வார இறுதி வகுப்பில் கற்றுக்கொள்ளலாம். பூவைப் பிளந்து மகரந்தத்தாள் எத்தனை என்று எண்ணப் பழகுவதற்கு ஆய்வகமும் வாத்தியாரும் வேண்டும். பட்டத்துக்குப் பிறகு கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மான்டரே பே வளாகத்தில் இதற்கென்றே ஒரு சான்றிதழ் படிப்பு உண்டு. செலவு பெரிது என்பதால் அதை அப்புறம் யோசிக்கலாம்.

வருமானத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளத்தோடு "அறிவியல் ஓவியர்" என்ற பதவி இங்கே அரிது. பாடநூல், ஆய்வுக் கட்டுரை, பறவைக் கையேடு, வனத் தகவல் பலகை என்று வேலை வேலையாகத்தான் பணம் வரும். ஆரம்ப வருடங்களில் கூடவே ஆசிரியர் பணியோ வடிவமைப்பு வேலையோ தேவைப்படலாம். பி.எஸ்சி. பட்டம் கையில் இருந்தால் எம்.எஸ்சி., பி.எட். வழிகளும் திறந்தே இருக்கும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. வீட்டுப் பக்கத்தில் ஒரே ஒரு செடி. மொட்டிலிருந்து விதைவரை வாரம் ஒரு தாள். தேதி, இடம், அளவு மூன்றும் எழுத வேண்டும். ஐந்தாவது வாரம் சலித்துவிட்டால் பொழுதுபோக்காகவே இருக்கட்டும். சலிக்கவில்லையென்றால், பரீட்சை முடிந்ததும் அந்தத் தாள்களோடு இருவரும் வாருங்கள். அப்பாவையும் அழைத்து வாருங்கள்.