கண்ணெதிரே இல்லாதவர் வேலை செய்கிறாரா?

கேள்வி: ஆர்டரின் பேரில் மரச்சாமான்கள் செய்து கொடுக்கும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். பட்டறையில் 8 பேர், அலுவலகத்தில் 6 பேர். கணக்கு பார்க்கும் பெண்மணியும் டிசைனரும் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்கிறார்கள். கணக்காளர் 7 வருடமாக என்னிடம் இருப்பவர். கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லாமல் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணெதிரே இல்லாதவர் வேலை செய்கிறாரா என்று எப்படித் தெரியும்? பட்டறை ஆட்கள் என்ன நினைப்பார்கள்?

பதில்: இப்போது அவர் உங்கள் கண்ணெதிரேதான் இருக்கிறார். போன வாரம் அவர் எதை முடித்தார், எது பாக்கி என்று அவரைக் கேட்காமல் உங்களால் சொல்ல முடியுமா? முடியும் என்றால் அவர் எங்கே உட்கார்ந்தாலும் உங்களுக்குத் தெரியும். முடியாது என்றால் நீங்கள் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய வேலையை அல்ல, அவர் நாற்காலியில் இருப்பதை.

உங்கள் சந்தேகம் பெரிய நிறுவனங்களுக்கும் வந்ததுதான். சீனாவின் சிட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனம், 2010 கடைசியில் தன் கால்சென்டர் ஊழியர்களை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்தது. விருப்பம் தெரிவித்தவர்களில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரத்தில் 4 நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். மற்றவர்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் 9 மாதம் கணக்கெடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் செய்த வேலை 13 சதவீதம் கூடியது; வேலையை விட்டுப் போனவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது பிறகு நடந்ததுதான். எங்கே வேலை செய்வது என்று அவரவரே தேர்ந்தெடுக்கலாம் என்றதும், வீட்டில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். தனிமை தாங்கவில்லை. அப்படி அவரவருக்குப் பொருந்தும் இடத்தில் உட்கார்ந்த பிறகு, 13 சதவீத ஆதாயம் 22 ஆனது.

ஆனால் ஒரு விஷயம். கால்சென்டரில் எத்தனை அழைப்பு எடுத்தார் என்று கணினியே எண்ணிச் சொல்லிவிடும். டிசைனர் வேலையை அப்படி எண்ண முடியாது. உங்களுக்குப் பக்கத்தில் வருவது அதே நிறுவனம் பிற்பாடு செய்து, 2024-இல் வெளியான சோதனை. பட்டதாரி ஊழியர்கள் 1,612 பேர். மென்பொருள், மார்க்கெட்டிங், கணக்கு என்று பல துறைக்காரர்கள். ஒரு பகுதியினருக்கு வாரத்தில் 2 நாள் மட்டும் வீடு. வேலைத் தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ராஜினாமா மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 6 பேர் உள்ள அலுவலகத்தில் 7 வருட அனுபவசாலி ஒருவர் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே என் யோசனை: 2 நாள் வீடு, 3 நாள் அலுவலகம், 3 மாத வெள்ளோட்டம். யாருக்குக் கொடுப்பது என்று ஆரம்பிக்காமல், எந்த வேலை என்று ஆரம்பியுங்கள். பில் பதிவு, சம்பளக் கணக்கு, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது எல்லாம் வீட்டில் நடக்கும். ரொக்கமும் அசல் தாள்களும் அலுவலகத்தை விட்டு நகரக் கூடாது. டிசைனர் விஷயம் கொஞ்சம் நுணுக்கம். வரைவதற்கு அமைதி வேண்டும், அதற்கு வீடு நல்லது. ஆனால் புது ஆர்டரில் மரம் அறுக்கத் தொடங்கும் நாளில் அவர் பட்டறையில் இருந்தே ஆக வேண்டும். ‘இந்த மூலை எப்படி வரும்?’ என்று ஆசாரி கேட்கும்போது போனில் விளக்கிக்கொண்டிருந்தால் மரம்தான் வீணாகும்.

சிறு நிறுவனங்களில் இந்த ஏற்பாடு கவிழ்ந்ததை நான் பார்த்தவரை, ஊழியரின் சோம்பல் காரணமாக இருந்தது அரிது. முதலாளியின் தலைதான் காரணம். எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை நாள் கடன், யாருக்கு எவ்வளவு தள்ளுபடி, எந்த மரம் யாரிடம் வாங்குவது என்று எல்லாமே உங்கள் தலைக்குள் இருக்கும். பக்கத்து மேஜைக்காரர் எட்டிக் கேட்டுக்கொள்வார். வீட்டில் இருப்பவர் நீங்கள் போனை எடுக்கும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைப் பார்த்துவிட்டு ‘வீட்டில் இருந்தால் வேலை ஓடவில்லை’ என்பீர்கள். எழுதி வையுங்கள். ஒரு ஷீட் போதும்.

திரையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் பிடிக்கும் மென்பொருளை யாராவது விற்க வருவார்கள். வேண்டாம். மவுஸை அசைத்துக்கொண்டே இருப்பது எப்படி என்று ஊழியர் கற்றுக்கொள்வார், அவ்வளவுதான். அதற்குப் பதில் காலையில் 10 நிமிட அழைப்பு: இன்று எதை முடிப்பேன், எங்கே தடங்கல். சரி, அதற்கு மேல் நோண்ட வேண்டாம்.

பணப் பாதுகாப்பில் மட்டும் கறாராக இருங்கள். நிறுவனத்தின் லேப்டாப்பையே கொடுங்கள். வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் கணினியில் உங்கள் கணக்கு இருக்கக் கூடாது. மெயில், வங்கி, கணக்கு மென்பொருள் எல்லாவற்றுக்கும் இரண்டடுக்கு உள்நுழைவு (கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் எண்ணையும் கேட்பது போன்ற முறை) வையுங்கள். சப்ளையரிடமிருந்து ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று மெயில் வந்தால், அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அழைக்காமல், ஏற்கெனவே உங்களிடம் உள்ள பழைய எண்ணுக்கு அழைத்து உறுதி செய்த பிறகே பணம் போக வேண்டும். உங்கள் பெயரில் ‘உடனே அனுப்புங்கள்’ என்று வரும் மெயிலுக்கும் இதே விதிதான். பக்கத்து அறையில் இருந்தால் ‘சார், நீங்கதான் அனுப்பச் சொன்னீங்களா?’ என்று கேட்டுவிடுவார். வீட்டில் இருப்பவர் தயங்குவார். மோசடிக்காரன் நம்பியிருப்பது அந்தத் தயக்கத்தைத்தான்.

எந்த நேரம் அழைத்தால் எடுக்க வேண்டும், இணையச் செலவு யாருடையது, மின்சாரமோ இணையமோ போனால் என்ன செய்வது என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வீட்டில் வேலை நேரத்தில் அடிபட்டால் உங்கள் காப்பீடு பொருந்துமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், புதிதாகச் சேருபவருக்கு முதல் சில மாதம் வீடு வேண்டாம். காதில் விழுந்தே கற்கும் விஷயங்கள் நிறைய.

பட்டறை ஆட்களிடம் மழுப்பாதீர்கள். ரம்பத்தை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது என்று அவர்களுக்கே தெரியும். அவர்களுக்கு உறுத்துவது, அலுவலகத்தாரின் வசதியை மட்டும் நீங்கள் யோசித்தீர்கள் என்பதாக இருக்கும். ஷிஃப்ட் நேரத்தை அவர்களுக்குள் மாற்றிக்கொள்ளும் உரிமை, சொந்த வேலைக்கு அரை நாள் போய்விட்டு வேறொரு நாள் ஈடு செய்யும் வசதி என்று அவர்களிடமே கேட்டு ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். இதையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஏற்பாட்டையும் ஒரே நாளில் அறிவியுங்கள்.

வெள்ளோட்டம் தொடங்கும் முன்பே எதை வைத்து முடிவு செய்வீர்கள் என்று குறித்துவிடுங்கள்: மாதக் கணக்கு எந்தத் தேதியில் முடிகிறது, பட்டறையிலிருந்து திருத்தத்துக்குத் திரும்பி வரும் வரைபடங்கள் எத்தனை. கடந்த 3 மாதக் கணக்கையும் இப்போதே எடுத்து வையுங்கள், ஒப்பிட வேண்டுமே.

அவர்களை அனுப்பும் முன் ஒரு நாள் நீங்களே வீட்டில் இருந்து பாருங்கள். யார் யார், எதற்காக உங்களுக்கு போன் செய்கிறார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். நான் சொன்ன அந்த ஷீட்டில் முதலில் ஏற வேண்டியவை அவைதான்.