பிரைட்டனில் அவே மேட்ச்: ஆட்டத்துக்கு முன் நல்ல பப் எங்கே கிடைக்கும்?

இங்கிலாந்தின் கடலோர ஊரான பிரைட்டனில் சனிக்கிழமை 3 மணி கால்பந்து ஆட்டம், நீங்கள் வெளியூர் அணியின் (அவே) ரசிகர்கள், லண்டனிலிருந்து ரயிலில் நான்கு பேர், கடலோரமாகவே ஒரு நல்ல பப் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடலோரத்தை விட்டுவிடுங்கள். பிரைட்டனில் நல்ல பியர் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில்தான் இருக்கிறது. கடலைப் பார்த்த பார்களில் வார இறுதி என்றால் கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டிக் கும்பல்தான். காற்று வாங்கலாம், பியருக்காகப் போக வேண்டாம்.

ஸ்டேடியமும் கடலோரத்தில் இல்லை. 2011-இல் திறந்த அமெக்ஸ், ஊருக்கு வெளியே ஃபால்மரில் இருக்கிறது. பிரைட்டனிலிருந்து லூயிஸ் போகும் ரயிலில் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். அங்கே பல்கலைக்கழகக் கட்டடங்களும் குன்றுகளும்தான். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஃபால்மர் கிராமத்தில் ஸ்வான் என்று சின்ன பப் ஒன்று உண்டு. அதை நம்பிப் போகாதீர்கள்.

நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் முதலில் சர்ரே தெருவில் ஈவினிங் ஸ்டார். நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. டார்க் ஸ்டார் மதுவடிப்பகம் 1994-இல் இந்த பப்பின் நிலவறையில்தான் தொடங்கியது. அந்தக் கம்பெனி பிறகு கைமாறி, அதன் ஆலையையும் மூடிவிட்டார்கள். பப் இன்னும் நிற்கிறது. சிறிய இடம் என்பதால் மேட்ச் நாளில் 12 மணிக்கே போய்விடுவது நல்லது.

அடுத்து, நிலையத்தின் பாலத்துக்கு அடியில் இறங்கும் டிராஃபல்கர் தெரு. தலைப்பிலேயே பிரின்ஸ் ஆல்பர்ட். அதன் சுவரில் முத்தமிடும் இரண்டு போலீஸ்காரர்கள், பேங்க்ஸி என்ற தெரு ஓவியர் வரைந்தது. இப்போது இருப்பது நகல்தான், அசலைப் பெயர்த்து விற்றாகிவிட்டது. அதே தெருவில் இன்னும் கீழே லார்ட் நெல்சன், இது ஹார்வீஸ் பப். நான்கு பேருக்கும் நான் ஒரே இடம் சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன். ஹார்வீஸ் 1790 முதல் பக்கத்து ஊரான லூயிஸில் பியர் வடிக்கும் நிறுவனம். அவர்களுடைய சஸ்ஸெக்ஸ் பெஸ்ட் 4 சதவீதம்தான். கசப்பு தூக்கல், அடியில் லேசான மால்ட் (முளைகட்டிய பார்லி) இனிப்பு. இரண்டு பைண்ட் (ஒரு பைண்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்) குடித்தாலும் ஆட்டம் பார்க்கத் தெம்பு இருக்கும். சாப்பிடவும் வேண்டுமென்றால் குளோஸ்டர் சாலை மூலையில் பாஸ்கெட்மேக்கர்ஸ். சுவரெல்லாம் பழைய தகர டப்பாக்கள். திறந்தால் உள்ளே யாராவது எழுதி வைத்துப்போன துண்டுச் சீட்டு இருக்கும்.

புதிய இடத்துக்குள் நுழைந்தால் பெயர்ப்பலகையைப் பார்க்காமல் கைப்பம்புகளை எண்ணிப் பாருங்கள். கைப்பம்பில் வருவது ஏல் என்ற பியர் வகை; அதன் பீப்பாயைத் திறந்தால் மூன்று நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும், அதற்கு மேல் காற்றுப்பட்டுப் புளிக்கும். வழக்கமான சிறிய பீப்பாயில் 72 பைண்ட். பத்துப் பம்பு, ஆறே வாடிக்கையாளர் என்றால் கணக்கு உதைக்கிறது. அங்கே அவ்வளவு சீக்கிரம் கெடாத லாகர் வகை பியரை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பம்பு, நிறைந்த கூட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். பம்பின் பெயர்ச்சீட்டைத் திருப்பி வைத்திருந்தால் அந்த பியர் இப்போது இல்லை என்று பொருள். சந்தேகமாக இருந்தால் ருசி பார்க்கக் கொஞ்சம் கேளுங்கள், கொடுப்பார்கள். வினிகர் வாடை அடித்தால் ஒரு வாய்க்கு மேல் குடிக்காமல் திருப்பிக் கொடுங்கள், மாற்றித் தருவார்கள். பாதி குடித்தபின் போனால் முறைப்பார்கள். 11 முதல் 13 டிகிரி குளிர்ச்சிதான் இதற்குச் சரி, 'சூடாக இருக்கிறது' என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

ஜெர்சி விஷயம்: மேட்ச் நாளில் சில பப்களின் வாசலில் அவே ரசிகர்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருக்கும். மேலே ஒரு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடாமல் இருந்தால் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. 25-க்குக் குறைவாகத் தெரிகிற முகமென்றால் அடையாள அட்டை கேட்பார்கள். ஆட்டம் 12.30 மணிக்கு என்றால் இந்தத் திட்டம் எடுபடாது. இப்படிப்பட்ட பப்கள் பல 12 மணிக்குத்தான் திறக்கும். நார்த் தெருவில் வெதர்ஸ்பூன் நிறுவனத்தின் பப்பான போஸ்ட் அண்ட் டெலிகிராஃப் காலையிலேயே திறந்துவிடும்.

3 மணி ஆட்டத்துக்கு 1.30-க்குப் பப்பைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: கடைசி பைண்டை முடித்துவிட்டு மறுபடி மேடேறி நிலையத்துக்குப் போய், ஃபால்மர் ரயிலுக்கு வளைந்து நிற்கும் வரிசையில் மாட்டிக்கொள்வார்கள். அதற்குப் பதில் டிராஃபல்கர் தெருவின் அடிவரை இறங்கி, செயின்ட் பீட்டர்ஸ் தேவாலய நிறுத்தத்தில் 25-ஆம் எண் பஸ் பிடிக்கலாம். பஸ்ஸிலும் கூட்டம் இருக்கும், ஆனால் அடுத்தடுத்து வரும். மைதானத்துக்குள்ளும் பியர் உண்டு. ஆனால் 1985 சட்டப்படி ஆடுகளம் தெரியும் இடத்தில் குடிக்கக் கூடாது. இருக்கைக்கு எடுத்துப்போக முடியாது.

ஆட்டம் முடிந்ததும் பிரைட்டன் பக்கம் திரும்பாதீர்கள். ஃபால்மரிலிருந்து எதிர்த்திசையில் அடுத்த நிறுத்தம் லூயிஸ். அங்கே ஹார்வீஸ் ஆலைக்கு எதிரிலேயே ஜான் ஹார்வி டேவர்ன். இந்த ஊர்க்காரர்களுக்கு ஹார்வீஸ் என்றால் அப்படி ஒரு பிடிப்பு: 2006-இல் லூயிஸ் ஆர்ம்ஸ் பப்பின் உரிமையாளர் நிறுவனம் அங்கே ஹார்வீஸ் விற்பதை நிறுத்தியபோது, அந்த பப்பையே மாதக்கணக்கில் புறக்கணித்து, 2007-இல் திரும்ப வைக்கச் செய்தார்கள். லூயிஸிலிருந்து லண்டன் விக்டோரியா நிலையத்துக்கு நேர் ரயில் உண்டு. லண்டன்–பிரைட்டன் ரிட்டர்ன் டிக்கெட் அந்த வழிக்குச் செல்லுமா என்பதை மட்டும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.